விசேஷம் ஏதும் உண்டா?

குற்றாலம் போனால் என்ன செய்வீர்கள்? அருவியில் குளிப்பீர்கள். ஈரத் தலையோடு குற்றாலநாதரைக் கும்பிடுவீர்கள். சுடச்சுட இரண்டு பஜ்ஜி, ஒரு டீ. அப்புறம் தென்காசிக்கு பஸ் ஏறிவிடுவீர்கள். 'குறவஞ்சி மேடு எங்கே இருக்கிறது?' என்று யாரையும் கேட்டிருக்க மாட்டீர்கள்.

பெரிய சுற்றுலாத் தலமெல்லாம் இல்லை. அது ஒரு நிலம். தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவே மேலகரம் என்று ஓர் ஊர். அந்த ஊர்க்காரர் திரிகூடராசப்பக் கவிராயர். அவர் எழுதிய குற்றாலக் குறவஞ்சியைக் கேட்டு மயங்கிப்போய் மதுரை நாயக்க மன்னர் ஒருவர் எழுதிக் கொடுத்த நிலம்தான் குறவஞ்சி மேடு. மன்னரின் பெயர் முத்து விஜயரங்க சொக்கநாதர். ராணி மங்கம்மாளின் பேரன் என்றால் உங்களுக்குச் சட்டென்று புரியும்.

குறவஞ்சியின் கதையில் சிங்கி வருவாள். கையைப் பிடித்து ரேகை பார்ப்பாள். குறி சொல்வாள். நல்ல காலம் பிறக்கும் என்பாள். அந்தப் பாட்டுக்கு நிலத்தைத் தூக்கிக் கொடுத்த ராஜாவுக்கு மட்டும் கடைசி வரை அந்த ஒரு நல்ல காலம் பிறக்கவே இல்லை.

குழந்தை இல்லை!

அந்த வம்சத்துக்கு இது இரண்டாவது கண்டம். விஜயரங்கர் பிறப்பதற்கு முன்பே அவருடைய அப்பா அம்மை நோயில் இறந்துபோனார். வயிற்றில் இருந்த பிள்ளை ஒன்றுதான் மிச்சம். அது ஆணாகப் பிறந்து, மூன்று மாதக் கைக்குழந்தையாக இருக்கும்போதே முடி சூட்டி, பேரனுக்காகப் பாட்டி மங்கம்மாள் பதினைந்து வருஷத்துக்கு மேல் ராஜ்யத்தைக் கட்டிக் காத்தார். அப்படிக் காப்பாற்றிய கொடி, அந்தப் பேரனோடு நின்றுபோனது.

1732-ல் விஜயரங்கர் இறந்தார். பட்டத்து ராணி மீனாட்சி அரியணை ஏறினார். பங்காளியான வங்காரு திருமலை, 'எனக்குத்தான் உரிமை' என்று கிளம்பினார். அவருடைய மகனையே ராணி தத்தெடுத்துக்கொண்டார். அப்படியும் சண்டை ஓயவில்லை. பஞ்சாயத்துக்கு வந்தவர் ஆற்காட்டு நவாபின் மருமகன் சந்தா சாகிப். பஞ்சாயத்துக்கு வந்தவர் கோட்டையையே எடுத்துக்கொண்டார். ராணி மீனாட்சி விஷம் குடித்து இறந்தார் என்று முடிகிறது கதை. இருநூறு வருஷ நாயக்கர் ஆட்சி அதோடு சரி.

ஒரு சாம்ராஜ்யம் விழுவதற்கு நூறு காரணம் இருக்கும். ஆனால் எதிரிக்குக் கதவைத் திறந்துவிட்டது ஒரு காலித் தொட்டில்.

ராஜா வீட்டுக்கே இந்தக் கதி என்றால் நம் வீடுகளில் கேட்க வேண்டுமா? கல்யாணமாகி மூன்றாவது மாதம் ஆரம்பிக்கும். மார்க்கெட்டில், கோயில் பிராகாரத்தில், சடங்கு வீட்டுப் பந்தியில், யாராவது ஒரு அத்தையோ மதினியோ கையைப் பிடித்துக்கொண்டு குரலைத் தாழ்த்துவார்கள். 'விசேஷம் ஏதும் உண்டா?'

கேள்வி எப்போதும் பெண்ணிடம்தான். ஆணிடம் யாரும் கேட்பதில்லை. 'மலடி' என்ற சொல் எத்தனை பெண்களைத் தூக்கம் இல்லாமல் அடித்திருக்கிறது! 'மலடன்' என்ற சொல்லும் அகராதியில் இருக்கத்தான் செய்கிறது. தெருவில் கேட்டிருக்கிறீர்களா?

இதற்கு அறியாமை ஒரு காரணம். ஹாலந்துக்காரர் லீவன்ஹூக் தன் மைக்ராஸ்கோப்பில் ஆணின் விந்தணு நெளிவதைப் பார்த்தது 1677-ல். பாலூட்டிகளின் கருமுட்டையை வான் பேயர் கண்டுபிடித்தது 1827-ல். நடுவில் சுளையாக 150 வருஷம்! விஜயரங்கர் வாழ்ந்தது அந்த இடைவெளியில்தான். அரண்மனை வைத்தியருக்கே விஷயம் தெரியாது. குறை ராஜாவிடமா, ராணியிடமா? யாருக்கும் தெரியாது.

இப்போது தெரியும். குழந்தை இல்லாத தம்பதிகளில் கிட்டத்தட்ட பாதிப் பேரிடம் ஆண் தரப்பிலும் காரணம் இருக்கிறது. சிலரிடம் அவருக்கு மட்டும். சிலரிடம் இருவருக்கும். சிலரிடம் எத்தனை டெஸ்ட் எடுத்தாலும் காரணமே பிடிபடாது. உலக சுகாதார நிறுவனம் 2023-ல் சொன்ன கணக்கு, வாழ்நாளில் ஆறு பேரில் ஒருவர் இந்தச் சிக்கலைச் சந்திக்கிறார். ஆறில் ஒருவர்! உங்கள் தெருவில் எத்தனை வீடு என்று எண்ணிப் பாருங்கள்.

சரி, இனி 1978-க்குப் போவோம்.

அந்த வருஷம் ஜூலை 25. இங்கிலாந்தில் ஓல்டாம் என்ற ஊர். லூயிஸ் பிரவுன் என்று ஒரு பெண் குழந்தை பிறந்தது. அம்மாவுக்குக் கருக்குழாயில் அடைப்பு. ஒன்பது வருஷமாகக் குழந்தை இல்லை. ராபர்ட் எட்வர்ட்ஸ் என்ற விஞ்ஞானி, பேட்ரிக் ஸ்டெப்டோ என்ற டாக்டர், ஜீன் பர்டி என்ற நர்ஸ் மூவரும் சேர்ந்து, முட்டையை வெளியே எடுத்து, கண்ணாடித் தட்டில் விந்தணுவோடு சேர்த்து, உருவான கருவை மறுபடி கருப்பைக்குள் வைத்தார்கள். உலகமே வாய் பிளந்தது. டெஸ்ட் ட்யூப் பேபி என்று பேப்பர்கள் பெயர் வைத்தன. உண்மையில் டெஸ்ட் ட்யூபுக்கும் அந்தக் குழந்தைக்கும் சம்பந்தமே கிடையாது. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

சரியாக 70 நாள் கழித்து, அக்டோபர் 3. கல்கத்தா. துர்கா பூஜை நேரம். அங்கே ஒரு பெண் குழந்தை பிறந்தது. அதே முறை. துர்கா என்றே அழைத்தார்கள். உலகத்தின் இரண்டாவது டெஸ்ட் ட்யூப் குழந்தை. இந்தியாவின் முதலாவது.

செய்து காட்டியவர் டாக்டர் சுபாஷ் முகோபாத்யாய். சுபாஷ் முகர்ஜி என்றும் சொல்வார்கள். 1931-ல் ஹஜாரிபாக்கில் பிறந்தவர். கல்கத்தாவில் ஒன்று, எடின்பரோவில் ஒன்று என்று இரண்டு டாக்டர் பட்டம் வாங்கியவர். அரசு மருத்துவக் கல்லூரியில் உடலியங்கியல் பேராசிரியர். கூட இரண்டு பேர். குளிர்நிலை உயிரியலில் கில்லாடியான சுனித் முகர்ஜி ஒருவர், மகப்பேறு டாக்டர் சரோஜ் காந்தி பட்டாச்சார்யா இன்னொருவர். ஆள் பலம் அவ்வளவுதான். பெரிய லேப் கிடையாது. ஃபாரின் நிதி கிடையாது.

ஆனால் மூளை? அதைக் கொஞ்சம் கவனியுங்கள்.

ஓல்டாமில் இயற்கையாக அந்த மாதம் விளைந்த ஒரே ஒரு முட்டையை நம்பி இறங்கினார்கள். முகர்ஜி ஹார்மோன் ஊசி போட்டுப் பல முட்டைகளை விளைய வைத்தார். அவர்கள் வயிற்றில் துளை போட்டு லேப்ராஸ்கோப் வழியாக எடுத்தார்கள். இவர் பிறப்புறுப்பின் வழியாகவே போய் எடுத்தார். கரு உருவான கையோடு வைத்துவிடாமல், அவற்றை உறைய வைத்தார். 53 நாள். ஊசி மருந்தின் தாக்கம் எல்லாம் ஓய்ந்து கருப்பை இயல்பான பக்குவத்துக்கு வந்த மாதத்தில், உறைந்ததை இளக வைத்து உள்ளே வைத்தார்.

இன்று எந்தச் சிகிச்சை மையத்துக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். ஊசி போட்டுப் பல முட்டை, பிறப்புறுப்பு வழியாக எடுப்பது, கருவை உறைய வைத்து அடுத்த மாதம் வைப்பது. மூன்றும் அன்றாட நடைமுறை! உறைய வைத்த கருவிலிருந்து பிறந்த குழந்தை என்று ஆஸ்திரேலியாக்காரர்கள் அறிவித்தது 1984-ல். கல்கத்தாக்காரர் அதை 1978-லேயே செய்து முடித்திருந்தார்.

தூக்கி வைத்துக் கொண்டாடியிருப்பார்கள் என்றுதானே நினைக்கிறீர்கள்?

மேற்கு வங்க அரசு விசாரணைக் கமிட்டி போட்டது. அதற்குத் தலைவர், ரேடியோ இயற்பியல் படித்தவர்! ஹார்மோன் தெரிந்தவர், கரு தெரிந்தவர் என்று சொல்லிக்கொள்ள ஆள் இல்லை. ஒரு சாதாரண ஃப்ளாட்டில், கைக்குக் கிடைத்த கருவிகளை வைத்துக்கொண்டு இதைச் செய்ததாகச் சொன்னால் எவன் நம்புவான் என்பது அவர்கள் கட்சி. முடிவு, 'இது பொய்' என்று வந்தது. 1979-ல் ஜப்பானின் கியோட்டோவிலிருந்து 'வந்து விளக்குங்கள்' என்று அழைப்பு. அரசு ஊழியர் ஆயிற்றே, அனுமதி வேண்டும். கிடைக்கவில்லை. நெஞ்சு வலி வந்து படுத்தார். எழுந்து வந்தவரை 1981 ஜூனில் கண் மருத்துவ நிலையத்துக்கு மாற்றினார்கள். ஹார்மோன் ஆராய்ச்சிக்காரருக்குக் கண் ஆஸ்பத்திரியில் என்ன வேலை?

1981 ஜூன் 19. டாக்டர் சுபாஷ் முகர்ஜி தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். வயது 50.

அதிகார வர்க்கம் ஒரு மேதையைக் கொன்றுவிட்டது என்று இந்தக் கதையைச் சொல்வார்கள். உண்மைதான். 1990-ல் தபன் சின்ஹா 'ஏக் டாக்டர் கி மௌத்' என்று படமே எடுத்தார். ஆனால் இந்தக் கதைக்குள் இன்னொரு கதை இருக்கிறது. அதை அதிகம் பேர் சொல்வதில்லை.

யோசித்துப் பாருங்கள். 'பொய்' என்று கமிட்டி சொன்னபோது முகர்ஜியின் கையில் ஒரு பலமான சாட்சி இருந்தது. தொட்டிலில் கிடந்த குழந்தை. தூக்கிக்கொண்டு வந்து மேஜை மேல் காட்டியிருக்கலாம் இல்லையா?

முடியாது. ஏனென்றால் குழந்தையின் வீட்டார் பயந்தார்கள். கட்டுப்பெட்டியான மார்வாரிக் குடும்பம். பெண் குழந்தை வேறு. 'இது எப்படிப் பிறந்தது தெரியுமா?' என்று நாளைக்கு ஊர் பேசும். கல்யாணச் சந்தையில் கேள்வி வரும். பெயர் வெளியே வர வேண்டாம் என்றார்கள். அந்த ரகசியத்தை டாக்டர் காப்பாற்றினார். தன் மானம் போனபோதும், வேலை பந்தாடப்பட்டபோதும், கடைசி வரைக்கும்.

அந்தக் குடும்பத்தைக் குறை சொல்ல நமக்கு யோக்கியதை இல்லை. அவர்கள் பயந்தது யாருக்கு? நமக்குத்தான். கையைப் பிடித்துக்கொண்டு குரலைத் தாழ்த்திக் கேட்கிறோமே, அந்தக் குரலுக்கு. குழந்தை இல்லாதது அவமானம், மருத்துவம் செய்துகொண்டது அதைவிட அவமானம் என்று ஊர் நினைத்தது. கமிட்டி அவநம்பிக்கையால் அடித்தது என்றால், இந்த வெட்கம் அவர் கையைக் கட்டிப் போட்டது.

பிறகு என்ன ஆயிற்று?

1986 ஆகஸ்ட் 6-ல் மும்பை கே.இ.எம். ஆஸ்பத்திரியில் ஹர்ஷா என்ற குழந்தை பிறந்தது. விஞ்ஞானி டி.சி. ஆனந்த் குமார், டாக்டர் இந்திரா ஹிந்துஜா குழுவின் சாதனை. இந்தியாவின் முதல் டெஸ்ட் ட்யூப் குழந்தை என்று நாடே பாராட்டியது. பாடப் புத்தகத்தில் ஏறப்போகிற பெயர் ஆனந்த் குமார்.

1997-ல் ஒரு மாநாட்டுக்காகக் கல்கத்தா போனார் அவர். அங்கே முகர்ஜியின் கைப்பட எழுதிய ஆராய்ச்சிக் குறிப்புகள் அவரிடம் வந்தன. வரி வரியாகப் படித்தார். துர்காவின் பெற்றோரையும் சந்தித்துப் பேசினார். பிறகு அவர் செய்ததுதான் இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம். 'முதலில் செய்தவன் நான் இல்லை. அவர்தான்' என்று விஞ்ஞான இதழில் எழுதினார். தன் தலையில் இருந்த கிரீடத்தைத் தானே கழற்றி, செத்துப்போன ஒருவரின் படத்துக்கு முன்னால் வைத்தார். எத்தனை பேருக்கு வரும் அந்த மனசு?

2003-ல், தன் இருபத்தைந்தாவது பிறந்த நாளில், துர்கா வெளியே வந்தார். கனுப்ரியா அகர்வால் என்பது நிஜப் பெயர். முகர்ஜியின் நினைவுக் கூட்டத்தில் மேடை ஏறி, 'நான்தான் அந்தக் குழந்தை' என்றார். சாட்சி வந்து சேர 25 வருஷம் ஆனது. எட்வர்ட்ஸுக்கு 2010-ல் நோபல் பரிசு கொடுத்தார்கள்.

தெற்கே இந்த மருத்துவம் 1990-ல் வந்து சேர்ந்தது. சென்னையில் டாக்டர் கமலா செல்வராஜின் முயற்சியில் தென்னிந்தியாவின் முதல் டெஸ்ட் ட்யூப் குழந்தை பிறந்தது. ஜெமினி கணேசனின் மகள் என்பதால் பத்திரிகைகளுக்கு இரட்டைச் செய்தி.

அதே 1990-ல் தென்காசியில் வேறொரு விசேஷம். காசி விசுவநாதர் கோயில் ராஜகோபுரம்! பதினைந்தாம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் ஆரம்பித்த கோயில் அது. பின்னாளில் கோபுரம் சிதைந்து, பல தலைமுறைக்கு அப்படியே நின்றது. அதை ஒன்பது நிலையாக எழுப்பி அந்த வருஷம்தான் கும்பாபிஷேகம் செய்தார்கள். பராக்கிரமன் அந்தக் கோயிலில் ஒரு கல்வெட்டு வெட்டி வைத்திருக்கிறான். என் பிள்ளைகளே, பேரன்களே என்று அழைக்கவில்லை அவன். இந்தக் கோயிலுக்குப் பின்னால் ஏதும் பழுது வந்தால், அதைச் சரிசெய்து காக்கப்போகிறவர்கள் யாராக இருந்தாலும் சரி, அவர்களை இப்போதே விழுந்து வணங்குகிறேன் என்கிறான். முன்பின் தெரியாதவனை வாரிசாக ஏற்றுக்கொண்ட ராஜா! ஐந்நூறு வருஷம் கழித்து அந்த வாரிசுகள் வந்து கோபுரத்தைக் கட்டினார்கள். முகர்ஜிக்கு ஆனந்த் குமார் வந்த மாதிரி.

இந்தக் கோபுர நிழலில் இன்று ஒரு தம்பதி பஸ்ஸுக்கு நிற்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். திருநெல்வேலிக்கோ மதுரைக்கோ சிகிச்சைக்குப் போகிறார்கள். வீட்டில் என்ன சொல்லியிருப்பார்கள்? 'சிநேகிதி வீட்டுக் கல்யாணம்.' இல்லாவிட்டால், 'பேங்க் வேலை.' அவர்களுக்கு இன்று என்னவெல்லாம் வழி இருக்கிறது?

முதல் படி, இருவருக்கும் டெஸ்ட். 'இருவருக்கும்' என்பதை அடிக்கோடு போட்டுக்கொள்ளுங்கள். கணவருக்கு விந்துப் பரிசோதனை எளியது, செலவு குறைந்தது. அதை விட்டுவிட்டு மனைவியை வருஷக்கணக்கில் குத்திக் குடைவது அநியாயம். பலருக்கு மாத்திரையிலேயே விஷயம் முடிந்துவிடும். முட்டை வெளியாகும் நாளைக் கணித்தால் போதும். அடுத்த படி, விந்தணுவைச் சுத்தப்படுத்திக் கருப்பைக்குள் நேராகச் செலுத்தும் ஐ.யு.ஐ. அதற்கும் மேலே, ஓல்டாமிலும் கல்கத்தாவிலும் செய்த ஐ.வி.எஃப். விந்தணு குறைவாக இருந்தால் இக்ஸி. ஒரே ஒரு விந்தணுவை ஊசி முனையில் எடுத்து முட்டைக்குள் செலுத்துவது. 1992-ல் பெல்ஜியத்தில் பிறந்த முறை. ஆண்களின் பிரச்னைக்கு வந்த பெரிய விடிவு. இதற்கெல்லாம் அப்பால் தானமாகப் பெறும் முட்டை, விந்து, வாடகைத் தாய்.

கேட்க சுலபமாக இருக்கிறது. அனுபவிக்கிற பெண்ணுக்குத்தான் தெரியும். பத்துப் பன்னிரண்டு நாள் தினசரி ஊசி. ஸ்கேன், ரத்தப் பரிசோதனை. மயக்க மருந்து கொடுத்து முட்டை எடுப்பது. கருவை உள்ளே வைத்த பிறகு இரண்டு வாரம் காத்திருப்பு. இந்த இரண்டு வாரம்தான் நரகம் என்பார்கள். ஒரு தடவை செய்தால் வெற்றி வாய்ப்பு பெரும்பாலும் பாதிக்கும் கீழே. முப்பத்தைந்து தாண்டினால் இன்னும் இறங்கும். நகையை அடகு வைத்துப் போனவர்கள் வெறுங்கையோடு திரும்புவதும் நடக்கிறது. 'நூறு சதவிகிதம் உத்தரவாதம்' என்று எந்த போர்டாவது சொன்னால் வாசலோடு திரும்பிவிடுங்கள்.

2021-ல் இதற்கென்று மத்திய அரசு இரண்டு சட்டம் போட்டது. ஒன்று செயற்கைக் கருத்தரிப்புக்கு, ஒன்று வாடகைத் தாய்க்கு. பதிவு செய்யாத மையம் இயங்கக் கூடாது. பெண்ணுக்கு 21 முதல் 50, ஆணுக்கு 21 முதல் 55 என்று வயது வரம்பு. காசுக்கு வாடகைத் தாய் கூடாது. இதையெல்லாம் பேப்பரில் படித்திருப்பீர்கள். படிக்காமல் விட்டிருக்கக்கூடிய ஒன்று இருக்கிறது. வருகிற தம்பதிக்கு முறையான மன ஆலோசனை தர வேண்டும், வெற்றி வாய்ப்பு எவ்வளவு, செலவு எவ்வளவு, பக்க விளைவு என்ன என்று சொல்ல வேண்டும், தத்தெடுக்கும் வழியையும் யோசிக்க உதவ வேண்டும் என்பது மையத்தின் கடமை. அது அவர்கள் செய்யும் உபகாரம் கிடையாது. கேட்டு வாங்க வேண்டிய உரிமை.

மையம் செய்ய வேண்டியது அது. நாம் செய்ய வேண்டியது?

ரொம்பச் சின்ன விஷயங்கள். பந்தியில் அந்தக் கேள்வியைக் கேட்காமல் இருப்பது. வளைகாப்புக்கு அழைக்கும்போது 'வர முடிந்தால் வா, வராவிட்டாலும் ஒன்றும் இல்லை' என்பது. மாமியார் ஆஸ்பத்திரிக்குக் கூடப் போவது. கணவன், 'குறை என்னிடமும் இருக்கலாம்' என்று அம்மா முன்னால் வாய் திறந்து சொல்வது. போதும், இனி ஊசி வேண்டாம் என்று ஒரு பெண் முடிவு செய்தால், 'இன்னும் ஒரு தடவை பார்க்கலாமே' என்று நச்சரிக்காமல் இருப்பது. தத்தெடுத்து வந்தவர்களிடம் 'யார் பிள்ளை?' என்று கேட்காமல் 'பேர் என்ன?' என்று கேட்பது.

முகர்ஜியின் கையில் விஞ்ஞானம் இருந்தது. குழந்தையும் பிறந்தது. தெருவில் தலை நிமிர்ந்து 'ஆமாம், எங்கள் பிள்ளைதான். டாக்டர் உதவினார்' என்று சொல்ல ஒரு குடும்பத்துக்குத் தைரியம் தருகிற ஊர் மட்டும் இல்லாமல் போயிற்று. கல்கத்தாவில் அன்று இல்லாத அந்த ஊரை, தென்காசியிலும் குற்றாலத்திலும் உங்கள் தெருவிலும் உண்டாக்குவதற்கு லேப் எதுவும் தேவை இல்லை.

அடுத்த சடங்கு வீட்டில் அந்தப் பெண்ணைப் பார்ப்பீர்கள். 'நல்லாருக்கியாம்மா?' என்று மட்டும் கேளுங்கள். அது போதும்.